தூண்டில் இரை: பெங்களூரில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மர்பி டவுனில் எங்கள் வீட்டு வாசலில் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தால், போகிற வருகிறவர்களில் ஒருவராவது நின்று பேச்சுக் கொடுப்பார். தெருப் பையன்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பிகள், ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்று எல்லாருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: இரை. கழியைப் பற்றியோ முள்ளைப் பற்றியோ கேட்பவர்கள் குறைவு. அதெல்லாம் கடையில் கிடைக்கும், காசு கொடுத்தால் முடிந்தது. இரை அப்படி இல்லை. தேட வேண்டும், பிசைய வேண்டும், மறுநாள் வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

முப்பது வருடமாக ஏரியிலும் குளத்திலும் தூண்டில் போட்டு வருகிறேன். பல பேருக்குத் தனித்தனியாகச் சொன்னதை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியாகப் போட்டு இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணா, ஒரே ஒரு இரை சொல்லுங்க. எல்லா மீனும் கடிக்கணும்.

மண்புழு. ஜிலேபி, பொடிக் கெண்டை, காமன் கார்ப், மிர்கால், கெளுத்தி, குறவை என்று நம் ஊர் ஏரிகளில் இருக்கும் பெரும்பாலான மீன் இதைக் கவ்வும். மழை பெய்தால் கரையிலிருந்து அடித்துக்கொண்டு வந்து தண்ணீரில் விழுகிற தீனி அது. மீனுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

கட்லாவும் புல் கெண்டையும் விதிவிலக்கு. கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன், புல் கெண்டை பெயருக்கேற்றபடி செடி தின்பது. இந்த இரண்டுக்கும் புழுவோடு போய் உட்கார்ந்தால் பொழுது வீணாகும்.

மண்புழு எங்க கிடைக்கும்? எங்க ஏரியா முழுக்க சிமெண்ட் போட்டுட்டாங்க.

பெங்களூர் எவ்வளவு வளர்ந்தாலும் உள்ளே பழைய கிராமங்கள் அப்படியே இருக்கின்றன. அங்கே மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாணமும் வைக்கோலும் சேர்ந்து மக்கிய இடம்தான் முதல் இடம். கன்னடத்தில் மண்புழுவை எரெஹுளு என்பார்கள், கொட்டகை என்றால் கொட்டிகே. இந்த இரண்டு வார்த்தையையும் கற்றுக்கொண்டு, முதலில் மரியாதையாகக் கேளுங்கள். "ஸ்வல்ப எரெஹுளு பேக்கு" (கொஞ்சம் மண்புழு வேண்டும்) என்று நான் சொன்னதும், ஒரு பாட்டி மண்வெட்டியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு எந்த மூலையில் தோண்ட வேண்டும் என்றும் காட்டினார்.

அடுத்தது நர்சரிகளில் தொட்டிகள் வரிசையாக வைத்திருக்கும் ஈரத் தரை. தொட்டியை நகர்த்தினால் அடியில் புழு இருக்கும். வாழை மரத்தடி, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் படாத ஈர மண், இதெல்லாம் பார்க்கலாம். நம் ஊர்ச் செம்மண் காய்ந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும், வெறும் செம்மண்ணைத் தோண்டிப் பயனில்லை. கறுத்து, பொலபொலவென்று, மேலே குட்டிக் குட்டி உருண்டையாகப் புழு எச்சம் கிடக்கும் இடமாகப் பாருங்கள்.

தோண்டியதும் புழுவின் முனை தெரிந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். அதன் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முட்கள் உண்டு, அவற்றால் வளையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். இழுத்தால் அறுந்துவிடும். இரண்டு விரலால் இலேசாகப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். சில நொடியில் அதுவே பிடியைத் தளர்த்தும், அப்போது வழுக்கிக்கொண்டு வரும்.

ஒரு வேண்டுகோள்: ஏரிக்கரையைத் தோண்டாதீர்கள். தண்ணீரைத் தாங்கி நிற்பது அந்த மண்தான். லால்பாக், கப்பன் பார்க் பக்கமும் மண்வெட்டியோடு போக வேண்டாம்.

மழைக்குத் தானா வெளிய வருது. மார்ச், ஏப்ரல் வெயில்ல என்ன பண்றது?

மண்புழு தோலால் மூச்சு விடுகிறது, அந்தத் தோல் ஈரமாகவே இருக்க வேண்டும். அதனால் வெயில் ஏற ஏறக் கீழே கீழே போய்விடும். நீங்கள் கீழே போக வேண்டாம், அதை மேலே வரவழைக்கலாம். நிழலான இடத்தில் பழைய கோணிச் சாக்கை விரித்து, அடியில் காய்கறித் தோலும் கொஞ்சம் சாணமும் போட்டு, தினமும் சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாம் நாள் காலையில் சாக்கைத் தூக்கினால் புழு கூடியிருக்கும். சனிக்கிழமை வேண்டுமென்றால் புதன்கிழமையே சாக்கைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அவசரம் என்றால் கடுகு. கடுகை நைசாகப் பொடித்து, லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் தண்ணீரில் கலக்கி ஈர மண்ணில் மெதுவாக ஊற்றுங்கள். கடுகின் காரம் தோலில் உறைப்பதால் ஐந்து பத்து நிமிடத்தில் மேலே வரும். வந்ததும் உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லையென்றால் துவண்டுபோகும். சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மண்ணுக்கும் கேடு, புழுவிலும் சோப்பு வாடை தங்கும். அதைச் செய்யாதீர்கள்.

உரப்புழு கிலோ கணக்குல விக்கிறாங்களே, அதுவே போதாதா?

போதும், ஆனால் எந்தப் புழு என்று பாருங்கள். மண்புழு உரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை வைத்திருப்பார்கள். ஐசீனியா ஃபெட்டிடா என்பது வரி வரியாகச் சிவந்த சிறு புழு. முள் குத்தியதும் மஞ்சளாக ஒரு நீர் விடும், கையில் பட்டால் நாற்றம் போகாது. சில மீன் அந்த வாடைக்கே வாயில் வாங்கித் துப்பிவிடும். யூட்ரிலஸ் யூஜீனியே என்பது ஆப்பிரிக்கப் புழு: நீளம், பருமன், முள்ளில் நன்றாக நெளியும். என் கையில் அதிகம் மீன் காட்டியது இதுதான். பெரியோனிக்ஸ் நம் நாட்டுப் புழு. ஒல்லியானது, துறுதுறுவென்று ஓடும், ஜிலேபிக்கும் பொடிக் கெண்டைக்கும் பொருத்தம்.

கிலோ கணக்கில் வாங்காதீர்கள். ஒரு காலைக்கு ஒருவருக்கு ஐம்பது புழு தாராளம்.

பிடிச்ச புழு மறுநாளே செத்து நாறுது. ஏன்?

இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பா, அல்லது சேறு மாதிரி ஈரம். இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். தோலால் மூச்சு விடுவது என்று மேலே சொன்னேன் அல்லவா, தண்ணீரில் ஊறிய மண்ணுக்குள் அதற்குக் காற்றுப் போதாது.

செருப்பு டப்பா மாதிரி அட்டைப் பெட்டியோ மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை நார்க்கழிவை நனைத்து, கையால் இறுகப் பிழிந்து போடுங்கள். பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. கொஞ்சம் காய்கறித் தோல் போதும் சாப்பாட்டுக்கு. எலுமிச்சை, ஆரஞ்சு, வெங்காயம், உப்புப் பட்ட எதுவும் வேண்டாம். மேலே ஈரத்துணி போட்டு வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள், வாரக்கணக்கில் இருக்கும். செத்த புழு ஒன்று கிடந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள், அதன் அழுகல் மற்றவற்றையும் கொல்லும்.

முள்ளுல எப்படிக் கோக்கணும்? நான் போட்டா உடனே உருவிட்டுப் போயிடுது.

புழுவின் ஒரு முனைக்குப் பக்கத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடித்த பட்டை தெரியும். அந்தப் பட்டையை ஒட்டி முள்ளைக் குத்தி, உறையைக் காலில் ஏற்றுவது போல முள்ளின் வளைவு மறையும் வரை ஏற்றுங்கள். கடைசி அரை அங்குலம் மட்டும் வாலாகத் தொங்கி நெளியட்டும். நீளமாகத் தொங்கவிட்டால் மீன் வாலைக் கடித்து அறுத்துக்கொண்டு போகும், உங்களுக்குத் தக்கை மட்டும் ஆடும்.

பொடிக் கெண்டைக்குப் புழுவைத் துண்டாக்கலாம். கெளுத்திக்கு மூன்று நான்கு புழுவை ஒன்றாகக் கொத்தாகக் கோக்க வேண்டும்.

எந்த மீனுக்கு எந்த இரைன்னு ஒரு லிஸ்ட் கொடுங்களேன் சார்.

லிஸ்ட் கொடுத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க மாட்டீர்கள். அதனால் வேறு ஒன்று சொல்கிறேன். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் மீன் கடைக்கு ஒரு காலையில் போய், வாங்காவிட்டாலும் பரவாயில்லை, நன்னீர் மீன்களின் வாயைப் பாருங்கள். கட்லாவின் வாய் பெரியது, மேல்நோக்கித் திறக்கும், கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மேல்தண்ணீரில் மேய்கிற வாய் அது. மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும், தரையில் துழாவுவது. ரோகு இரண்டுக்கும் நடுவில். இந்த மூன்றையும் ஒரே குளத்தில் விட்டு வளர்ப்பதே, ஒன்றின் தீனியில் இன்னொன்று அதிகம் கை வைக்காது என்பதால்தான்.

அப்படியானால் கட்லாவுக்கு மெல்லக் கரைகிற மாவை மேல்தண்ணீரில் தக்கை கட்டித் தொங்கவிட வேண்டும். மிர்காலுக்கும் காமன் கார்ப்புக்கும் இரை ஈய எடையோடு தரையில் கிடக்க வேண்டும். இந்தக் கெண்டை இனம் எதற்கும் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். இரையை உறிஞ்சி, பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடும். அதனால்தான் தக்கை கொஞ்சம் ஆடி நிற்கிறது, பிறகு ஆடுவதில்லை. இரை மென்மையாக, வாய்க்கு அடக்கமாக இருந்தால் துப்புவதற்கு முன் உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

கெளுத்திக்குக் கண்ணைவிட நாக்கு பெரிது. மீசையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சுவை அறியும் மொட்டுகள் உண்டு. எனவே வாடையுள்ள இரை. விரால் கண்ணால் பார்த்துப் பாய்கிற வேட்டைக்காரன், அதற்கு அசைவு வேண்டும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எந்தக் குட்டையிலும் இருக்கிற ஜிலேபி, பாசி, புழு, மாவு எதையும் தின்னும். கல்லில் படர்ந்த பச்சைப் பாசியை நூல் போல உருவிச் சிறு முள்ளில் சுற்றிப் போட்டே ஜிலேபி பிடிக்கலாம்.

சைவக்காரங்க வீட்ல வாடகைக்கு இருக்கேன். புழு, கோழி எதுவும் உள்ள கொண்டு போக முடியாது. என்ன வழி?

இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமில்லை. வீட்டுக்காரர் மனம் கோணாமல் சமையலறைச் சாமானை வைத்தே நன்றாக மீன் பிடிக்கலாம். ஊறவைத்த கொண்டைக்கடலை, அவித்த மக்காச்சோளம், பிரெட், மேலே சொன்ன பாசி. எல்லாவற்றுக்கும் மேலே மாவு.

என் கலவை இது: கோதுமை மாவு இரண்டு பிடி, மைதா ஒரு பிடி, பொடித்த கடலைப் பிண்ணாக்கு ஒரு பிடி, கொஞ்சம் வெல்லம், ஒரு சிட்டிகை பெருங்காயம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். கோதுமையிலும் மைதாவிலும் இருக்கிற பசைதான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது, பிண்ணாக்கு வாடையைக் கொடுக்கிறது. பிண்ணாக்கு அதிகமானால் உதிரும். கடைசியில் மருந்துக்கடைப் பஞ்சில் கொஞ்சம் எடுத்து, இழை இழையாகப் பிரித்து மாவுக்குள் தேய்த்துப் பிசையுங்கள். அந்த இழைகள் முள்ளைப் பற்றிக்கொள்வதால் வீசும்போது மாவு தனியாகப் பறக்காது.

கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் கடலை அளவு உருண்டையை முள்ளோடு போட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். வெளிப்புறம் வழுவழுப்பாகி, சுற்றிலும் மெல்லிய புகை போலக் கரைந்து, உள்ளே முள் மூடியே இருக்க வேண்டும். முழுக்கக் கரைந்திருந்தால் மைதா சேருங்கள். போட்டபடியே கல்லாக இருந்தால் தண்ணீர் தெளித்துத் தளர்த்துங்கள். இந்த ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டால் ஏரிக்கரையில் பாதி ஏமாற்றம் குறையும்.

ராகி மாவை அப்படியே பிசைஞ்சா உதிருது. ஆனா ராகி உருண்டைதான் பெஸ்ட்னு இங்க எல்லாரும் சொல்றாங்க?

இரண்டும் உண்மை. கோதுமையில் இருக்கிற பசை ராகியில் கிடையாது, பச்சையாகப் பிசைந்தால் நிற்காது. வேகவைக்க வேண்டும். முத்தே, அதாவது ராகிக் களி, கிண்டுகிற மாதிரியே கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி, கட்டையால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாக அழுத்திப் பிசையுங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டி மறுபடியும் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். மேலே தோல் மாதிரி ஒரு பதம் ஏறும்.

அந்தத் தோல்தான் அதன் சிறப்பு. பொடி மீன் கொத்தினாலும் கரையாது, பெரிய வாய் வரும்வரை காத்திருக்கும். ராத்திரி மீந்த முத்தேயைக் காலையில் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு, அதுவும் வேலை செய்யும்.

அப்போ ராகி உருண்டையோட காவிரிக்குப் போய் மகசீர் பிடிக்கலாமா?

கூடாது. சங்கமா, மேகதாது, பீமேஸ்வரி பக்கம் ராகி உருண்டையால் மகசீர் பிடித்த கதைகள் ஏராளம், நானும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன்தான். இன்று அந்தப் பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயம், அதற்குள் தூண்டில் போட அனுமதியில்லை. காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் திமில் மகசீரை 2018-ல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத மீன். அதைப் பார்க்க ஆசை இருந்தால் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பொடி மீனே இரையத் தின்னு தீர்த்துடுது. பெரிசு எதுவும் வரல.

வெந்த ராகி, ஊறவைத்த கொண்டைக்கடலை, மக்காச்சோளம். மூன்றுமே கொத்துக்குத் தாங்கும். புழுவோடும் மைதாவோடும் போராடாதீர்கள். அல்லது இருபது அடி தள்ளிப் போடுங்கள், பொடிகள் பெரும்பாலும் கரையோரச் செடியை விட்டு நகராது.

கெளுத்திக்கு கோழிக் குடல் போடலாமா?

போடலாம். கறிக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பச்சையாகப் போட்டால் வழுக்கி உருவிக்கொண்டு போகும். அலசி, உப்பும் மஞ்சளும் தடவி, ஒரு மணி நேரம் வெயிலில் வாட்டினால் தோல் போல இறுகி முள்ளில் நிற்கும். ஈரலைவிடக் குடல்தான் தாங்கும். சின்ன இறாலும் நல்ல இரை.

பெங்களூர் ஏரிகளில் குடலுக்கு வருகிற பெரிய கெளுத்தி பலமுறை ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கும். நம் நாட்டு மீனையெல்லாம் தின்று தீர்க்கிறது என்பதால் 2000-ஆம் ஆண்டிலேயே அதை வளர்க்கத் தடை வந்துவிட்டது. பிடித்தால் இன்னொரு ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். பாவம் பார்க்கிறேன் என்று ஒரு தம்பி பக்கெட்டில் எடுத்துப்போய்ப் பக்கத்துக் குட்டையில் விட்டார். அந்தக் குட்டையில் அடுத்த வருடம் குறவையைப் பார்க்கவே முடியவில்லை.

விராலுக்கு உயிர்த் தவளைதான் போடணுமா?

வேண்டாம். விராலுக்கு அசைவு வேண்டும் என்று சொன்னேன், உயிர் வேண்டும் என்று சொல்லவில்லை. கடையில் விற்கும் ரப்பர் தவளையை அல்லி இலைகளுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி இழுத்தால் பாய்ந்து கவ்வும். தவளை வயல் பூச்சியைத் தின்கிற உயிர். 1987-ல் தவளைக் கால் ஏற்றுமதியையே இந்தியா நிறுத்தியது. முதுகில் முள்ளைக் குத்திய தவளை நீந்தப் பார்ப்பதைப் பன்னிரண்டு வயதில் ஒருமுறை பார்த்தேன். அதற்குப் பிறகு அதைத் தொட்டதில்லை.

மழைக்காலத்தில் தண்ணீர் மேலே சிவப்பாகக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால், அடியில் தாய் தந்தை விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே எந்த இரையும் போடாதீர்கள். பெரியதை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்குத் தீனி.

வேற ஏரில பிடிச்ச பொடி மீனை உயிரோட கொண்டு வந்து இரையா போட்டா?

அந்த ஏரியின் நோய், நத்தை முட்டை, வேண்டாத மீன் எல்லாம் அதே தண்ணீரில் கூடவே வரும். மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய விற்கிற சக்கர் மீன் இன்று ஏரிகளில் பெருகியிருப்பதும், ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்கு யாரோ கொண்டுவிட்டதால்தான். பொடி மீன் இரை வேண்டுமென்றால் அதே ஏரியில் பிடித்து, அங்கேயே பயன்படுத்துங்கள். இறந்த மீனாகப் போட்டாலும் கெளுத்தி எடுக்கும்.

ஈசல் நல்ல இரைன்னு எங்க தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மைதான். கோடை மழை விட்ட சாயங்காலத்தில் ஈசல் கிளம்பும்போது ஏரி மேல்பரப்பு முழுக்க வட்டம் வட்டமாக மீன் எழும்புவதைப் பார்க்கலாம். விளக்குக்கு நேர் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் வந்து விழும். சிறு முள், ஈயம் இல்லாத நரம்பு, முள்ளில் இரண்டு ஈசல். மிதக்கவிட்டால் கெண்டை வரிசையாக வரும். வருடத்தில் நாலைந்து நாள்தான் இந்த வாய்ப்பு, அதனால் மழை நேரத்தில் தூண்டிலைத் தயாராக வைத்திருங்கள்.

வெல்லந்தூர் பக்கம் சாக்கடைக் கால்வாய்ல செக்கச் செவேல்னு புழு குவிஞ்சு கிடக்கு. எடுக்கலாமா?

பெல்லந்தூரைச் சொல்கிறீர்கள். மீன் அதைத் தின்னும், அதில் சந்தேகமில்லை. நூல் மாதிரி இருக்கிற அந்தப் புழுக்களுக்கு இரத்தச் சிவப்பு நிறமியே, காற்று இல்லாத அழுக்கிலும் மூச்சு விட உதவுகிறது. அவை அங்கே குவிந்திருப்பதன் அர்த்தம், வேறு எதுவும் அங்கே வாழ முடியவில்லை என்பதுதான். நுரை பொங்கி, 2017-லும் 2018-லும் தீப்பிடித்த ஏரி அது. அந்தக் கால்வாய்ச் சேற்றில் கை வைக்காதீர்கள். விரலில் சின்ன வெட்டு இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக. மாட்டுக் கொட்டகையில் எடுத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே சாப்பிடுங்கள்.

தூண்டில் போடறதுக்கு முன்னாடி பொரி, பிரெட் எல்லாம் கிலோ கணக்குல தூவினா மீன் கூடும்ல?

கூடும், அதற்கு ஒரு பிடி போதும். தூவுகிற தீனியும் முள்ளில் இருக்கிற இரையும் ஒரே பொருளாக இருக்கட்டும். என் மாவுக் கலவையையே பஞ்சு சேர்க்காமல் எலுமிச்சை அளவு இரண்டு உருண்டை போட்டுவிட்டு அரை மணி காத்திருப்பேன். வயிறு நிறைந்த மீன் முள்ளுக்கு வராது.

தின்னாமல் மிஞ்சியது அடியில் அழுகும், அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜனைக் குடிக்கும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்த காலையை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அதற்கு முக்கியக் காரணம் சாக்கடை, பொரி அல்ல. ஆனால் ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற தண்ணீரில் நாமும் மூட்டையாகக் கொட்டக் கூடாது.

இரைல எச்சில் துப்பிப் போட்டா மீன் கடிக்கும்னு சொல்றாங்களே?

பழக்கம்தான், பலன் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சரியான எண்ணம் இருக்கிறது: மீன் வாடையைக் கவனிக்கும். கொசு மருந்து, சிகரெட், பெட்ரோல் பட்ட கையோடு மாவைத் தொட்டால் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் ஏரி மண்ணைக் கையில் தேய்த்துக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள்.

டிசம்பர், ஜனவரில ஒண்ணுமே கடிக்கல. இரையை மாத்தணுமா?

அளவை மாற்றுங்கள், நேரத்தையும் மாற்றுங்கள். மீனின் உடல் வெப்பம் தண்ணீரோடு சேர்ந்தே குறையும், செரிமானமும் மெதுவாகும், பசி குறையும். இங்கே ஜனவரி விடியற்காலை 15 டிகிரி பக்கம் போகும். ஐந்து மணிக்குப் போய் நடுங்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் வெயில் பட்ட ஆழம் குறைந்த பக்கத்தில், பாதிப் புழு அல்லது பட்டாணி அளவு மாவு. செப்டம்பர், அக்டோபர் மழையில் நேர்மாறு: கலங்கிய தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியாது, ஓடை ஏரியில் சேரும் இடத்தில் கொத்தாகப் புழு போடுங்கள்.

ஏரி பொதுச் சொத்துதானே? யாரைக் கேட்டு இரை போடணும்?

கேட்டுத்தான் போட வேண்டும். பெரும்பாலான ஏரிகளில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ கொடுத்திருப்பார்கள். குஞ்சு வாங்கி விட்டவர்கள் அவர்கள். நகரத்துக்குள் பூங்கா மாதிரி மாற்றிய ஏரிகளில் மீன் பிடிக்கத் தடை என்று பலகையே இருக்கும். புழு தேடுவதற்கு முன், முந்தைய வாரமே போய்க் காவலாளியிடமும் குத்தகைக்காரரிடமும் பேசுங்கள். ஊருக்கு வெளியே கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடும் குளங்களும் உண்டு, பழகுவதற்கு அவை நல்ல இடம்.

இதோடு சேர்த்து ஒன்று. "இரையில் மருந்து கலந்தால் மீன் மயங்கி மிதக்கும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தண்ணீரில் விஷம் கலப்பதும் வெடி போடுவதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம்.

மிச்ச இரைய ஏரிலயே கொட்டிட்டு வந்துடலாமா?

கொட்டாதீர்கள், காரணம் பொரிக் கேள்வியில் இருக்கிறது. மாவை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். உப்புப் போட்ட குடலைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்து உறைய வைக்கலாம். வெளிநாட்டு உரப்புழுவைக் காட்டுப் பக்கம் ஆற்றங்கரையில் விட வேண்டாம், அங்கே இருக்கும் நம் புழுக்களோடு போட்டிக்கு வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து பூந்தொட்டியில் விடுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சுகிற புழு எல்லாம் கறிவேப்பிலைத் தொட்டிக்குத்தான் போகிறது, அடுத்த சனிக்கிழமை தேடுவதும் முதலில் அங்கேதான்.